மஅபர்க் கரையும் சரந்தீபும்: 22 மைலின் வரலாறு

சபர் என்னும் அரபுச் சொல்லுக்குப் பயணம் என்று பொருள். கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், பாம்பன் முதலிய கரையோர ஊர்களில் வாழும் நம் மக்களிடையே அச்சொல் நெடுங்காலமாகத் தனியொரு பொருளில் வழங்கி வந்திருக்கிறது. 'அவர் சபரில் இருக்கிறார்' என்றால், பொருளீட்டும் பொருட்டுக் கடல் கடந்து சென்றிருக்கிறார் என்பதே கருத்து. பிற்காலத்தில் அந்தச் சபர் பர்மா, மலாயா, சிங்கப்பூர் என்றும், அதற்கும் பின்னர் அரபு நாடுகள் என்றும் நீண்டது. ஆயினும் நம் கரையோரத்தாரின் முதற்சபர் இலங்கைக்கே.

அந்த இலங்கை நமக்கு எத்தனை தொலைவு? கேள்வி எளிது. விடையோ ஒவ்வொரு காலத்திலும் வெவ்வேறாக இருந்திருக்கிறது. கடல் அகலவுமில்லை, குறுகவுமில்லை. அப்படியிருந்தும் விடை மாறிக்கொண்டே வந்த வரலாற்றைத்தான் இங்கே சிறிது ஆராயப் புகுகிறோம்.

தொலைவை எதைக் கொண்டு அளப்பது என்பதை நம் மார்க்க அறிஞர்கள் ஆய்ந்தே வைத்திருக்கிறார்கள். பயணிக்குத் தொழுகையைச் சுருக்கித் தொழும் கஸ்ருச் சலுகை உண்டல்லவா? எவ்வளவு தூரம் சென்றால் ஒருவர் முஸாஃபிர் ஆவார் என்ற வினா அங்கே எழுகிறது. ஹனஃபி மத்ஹபின் அறிஞர்கள் அதைக் காலத்தால் அளந்தார்கள்: நடுத்தர நடையில் மூன்று நாள் வழி, கடலாயின் காற்று மிதமாக வீசும்போது மூன்று நாள் ஓட்டம். நம் கரையோர மக்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்களோ தொலைவால் அளந்தார்கள்: 48 ஹாஷிமீ மைல், அதாவது இரண்டு மர்ஹலா. இக்காலக் கணக்கில் 80 கிலோமீட்டரை ஒட்டிய தூரம் என்று பொதுவாகக் கொள்வர். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் இதை மேலும் தெளிவாக்குகிறார்கள். கடலும் தரையைப் போன்றதே. அத்தொலைவைக் கடலில் ஒருவர் சிறு பொழுதிலேயே கடந்துவிட்டாலும் அவர் பயணியே என்பது அவர்களின் முடிவு. நீராவிக் கப்பலும் ஆகாய விமானமும் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவற்றில் ஏறுவோருக்கும் சேர்த்துச் சொல்லி வைத்தது போலல்லவா இருக்கிறது!

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஒரு வியப்பு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கப்பல் வழி 22 மைல், ஏறத்தாழ 35 கிலோமீட்டர். இராமேசுவரத்திலிருந்தே புறப்பட்டாலும் மொத்தம் 60 கிலோமீட்டரை எட்டாது. வேறொரு நாட்டில் காலடி வைத்தும் ஒருவர் முஸாஃபிர் ஆகமாட்டார். அத்துணை அண்மை.

அண்மைதான் எனினும் எளிதன்று. கி.பி. 1344இல் மாலத்தீவிலிருந்து புறப்பட்ட உலகப் பயணி இப்னு பதூதா, மஅபர்க் கரைக்கு மூன்று நாள் ஓட்டம் என்று கேட்டறிந்து கப்பலேறினார். வழியறிந்த மாலுமி இல்லாமையால் ஒன்பது நாள் கடலில் அலைந்து, கடைசியில் சரந்தீபில் கரை சேர்ந்தார். நம் நபி ஆதம் (அலை) அவர்களின் பாதம் பதிந்ததாகப் போற்றப்படும் பாவா ஆதம் மலையை அவர் தரிசித்தது அப்போதுதான். பிறகு இலங்கையின் வடமேற்குக் கரையிலிருந்து நம் கரை நோக்கி வருகையில், காற்று மிகுந்து, கப்பல் ஆழமற்ற பாறைப் பகுதியில் சிக்கிப் பாய்மரத்தை வெட்ட நேர்ந்தது. தம்மோடு வந்தவர்களை முதலில் கரைக்கு அனுப்பிவிட்டு, உடைந்த கப்பலின் பின்புறத்திலேயே அவர் இரவைக் கழித்தார். மறுநாள் கரை மக்கள் படகில் வந்து மீட்டனர். சீனம் வரை சென்று மீண்ட பெரும் பயணி நம் கடலில் பட்ட பாடு இது.

மஅபர் என்று அரபியர் நம் கரைக்கு வைத்த பெயருக்கே 'கடக்கும் இடம்' என்று பொருள். ஊரின் பெயரையோ மன்னரின் பெயரையோ கொண்டு அழைக்காமல், இங்கிருந்து அக்கரைக்குக் கடக்கலாம் என்பதையே அவர்கள் இக்கரையின் அடையாளமாகக் கண்டார்கள் போலும்.

பாய்மரக் காலத்தில் தூரத்தை மைலால் சொன்னவர் இல்லை. கச்சான் அடிக்கிறதா, சோழகமா, கொண்டலா, வாடையா என்பதே கேள்வி. காற்று வாய்த்தால் இரவில் பாய் விரித்தவர் விடிந்ததும் மன்னார்க் கரையைக் காண்பார். வாய்க்காவிட்டால் ஒதுங்கிக் கிடக்க வேண்டியதுதான். சேது அணை என்றும் ஆதம் பாலம் என்றும் வழங்கும் மணல் திட்டுகள் பெரிய கப்பல்களைத் தடுத்தன. பாம்பன் கால்வாய் 19ஆம் நூற்றாண்டில் ஆழப்படுத்தப்பட்ட பின்னரும் சிறு கப்பல்களும் தோணிகளுமே அதில் செல்ல முடிந்தது. பெரிய கப்பலுக்கு உதவாத அக்கடல் நம் மரக்காயர்களின் தோணிகளுக்குச் சொந்தக் கொல்லையாக இருந்ததில் வியப்பில்லை. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்புக்குக் கீழக்கரையாரும் தொண்டியாரும் அக்கரை சென்றதும், அரிசியும் துணியும் கொண்டுபோய்ப் பாக்கும் தேங்காயும் கொண்டுவந்ததும் இந்தத் தோணிகளில்தான்.

சரக்கு மட்டுமா சென்றது? கீழக்கரையில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று போற்றப்படும் இமாமுல் அரூஸ் செய்யிது முஹம்மது ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) இலங்கைக்குப் பலமுறை சென்று அங்கே பள்ளிவாசல்களும் தைக்காக்களும் எழக் காரணமானார்கள். அவர்களுடைய அரபுத் தமிழ் நூல்கள் இரு கரைகளிலும் ஒன்றுபோல ஓதப்பட்டன. கொழும்புப் புறக்கோட்டையில் 1909இல் கட்டி முடிக்கப்பட்ட செந்நிறப் பள்ளிவாசலை இன்றும் மக்கள் சம்மாங்கோட்டுப் பள்ளி என்கிறார்கள். அதை எழுப்பியவர்கள் இந்தியக் கரையிலிருந்து சென்ற முஸ்லிம் வணிகர்கள். சம்மான் என்னும் படகில் வந்தவர்கள் என்பதால் அவர்களைச் சம்மான்காரர் என்று இலங்கையில் அழைத்தனர். வந்த வழியே பெயராக ஒட்டிக்கொண்டது.

19ஆம் நூற்றாண்டின் கடைப்பகுதியில் தூத்துக்குடிக்குப் புகைவண்டி வந்தது. சென்னை எழும்பூரில் ஏறியவர் ஏறத்தாழ 22 மணி நேரத்தில் தூத்துக்குடியை அடைந்து, அங்கிருந்து நீராவிக் கப்பலில் ஓரிரவு பயணம் செய்து கொழும்பில் இறங்கினார். கடல்வழி மட்டும் ஏறத்தாழ 150 கடல் மைல். நெடுங்கடலில் கப்பலின் ஆட்டத்தைத் தாங்காமல் படுத்துக் கிடந்தவர்களே அதிகம். கடற்பயணத்தைக் குறைத்து இரும்புப் பாதையை நீட்டுவதென்று ஆங்கில அரசு எண்ணியதன் விளைவே பாம்பன் பாலம்.

1914 பிப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. 2 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளம், 145 கண்கள், கப்பல் செல்ல நடுவில் இருபுறமும் தூக்கித் திறக்கும் ஷெர்ஸர் பகுதி. அடுத்த வாரமே, மார்ச் 1இல், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. கர்ஸன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைசிராய்களின் பெயர் தாங்கிய நீராவிக் கப்பல்கள் அவை. 'போட் மெயில்' என்று பட்டிதொட்டியெல்லாம் பெயர் பெற்ற வண்டியின் பொற்காலம் இதுவே. எழும்பூரில் இரவு ஏறியவர் சுமார் 19 மணி நேரத்தில் தனுஷ்கோடி சேர்வார். புகைவண்டி நிலையத்தை ஒட்டியே கப்பல் துறை. மூன்றரை மணி நேரத்தில் தலைமன்னார். அங்கே காத்து நிற்கும் வண்டியில் ஏறினால் மறுநாட் காலை கொழும்புக் கோட்டை நிலையம். ஒரே பயணச்சீட்டில் இரண்டு இரும்புப் பாதைகளும் ஒரு கடலும்! கணவாயின் மீதே தண்டவாளம் இட்டுவிடலாமா என்று கூட ஆராய்ந்தார்கள். அது ஏட்டோடு நின்றது.

நம் கரையோரத்தாருக்கு இதன் பயன் சென்னைவாசியை விடப் பன்மடங்கு. இராமநாதபுரத்தில் பகலில் ஏறினால் மறுநாட் காலை கொழும்பில் கடை திறக்கலாம். வீட்டில் ஒரு மரணம் என்றால் தந்தி கிடைத்த மறுநாள் வந்து சேரலாம். கந்தூரிக்கும் பெருநாளுக்கும் ஊர் வந்து திரும்புவது வழக்கமாயிற்று. மதுரைக்குப் போய் வருவது போலக் கொழும்புக்குப் போய் வந்த தலைமுறை அது என்றால் மிகையன்று. 'அக்னிச் சிறகுகள்' நூலில் டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தை நினைவுகூர்கிறார்கள். இராமேசுவரத்தில் வண்டி நிற்பது நிறுத்தப்பட்டதால், செய்தித்தாள் கட்டுகள் தனுஷ்கோடி செல்லும் வண்டியிலிருந்து கீழே எறியப்படும்; சிறுவர் கலாம் அவற்றைப் பெற்று விநியோகம் செய்ய உதவினார். உலகச் செய்தி நம் தீவுக்கு வந்ததும் அந்த வண்டியின் வேகத்தில்தான்.

ஆனால் அந்த மூன்றரை மணி நேரம் எல்லாருக்கும் மூன்றரை மணி நேரமாக இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற ஏழைத் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய்த் தடுப்பு என்று நாள்கணக்கில் வைத்திருந்து, அதன் பின்னரே கப்பலேற்றினார்கள். அதே கடல், அதே கப்பல். ஒருவருக்கு ஒரு மாலைப் பொழுது, இன்னொருவருக்கு ஒரு வாரத்தை நெருங்கும் காத்திருப்பு.

கடலில் கப்பல் ஓடிக்கொண்டிருக்கையிலேயே வானிலும் வழி திறந்தது. கொழும்புக்கு அருகே இரத்மலானையில் 1935இல் முதல் விமானம் இறங்கியது. 1938இல் டாட்டா நிறுவனத்தின் அஞ்சல் விமானம் திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீட்டிக்கப்பட்டது. 1947 டிசம்பர் 10இல் ஏர் சிலோன் நிறுவனத்தின் 'சீதாதேவி' என்னும் டகோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு முதற்பயணம் மேற்கொண்டது. அனுமனும் கடலும் நினைவுக்கு வரும் இடத்தில் விமானத்துக்குச் சீதையின் பெயர் வைத்தவர்கள் யாரோ, நயம் அறிந்தவர்களே. எனினும் விமானம் வசதி படைத்தோரின் வாகனமாகவே நெடுநாள் இருந்தது. கடைச் சிப்பந்திக்கும் சிறு வணிகருக்கும் கப்பலே கதி.

தூரத்தை முதலில் நீட்டியது கடலன்று, சட்டம். 1948இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டு இயற்றப்பட்ட குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை பயணச்சீட்டு மட்டும் போதுமாயிருந்த இடத்தில் கடவுச்சீட்டும் விசாவும் தேவைப்பட்டன. கொழும்பில் தலைமுறையாகக் கடை வைத்திருந்தவர் தங்கும் அனுமதிக்காகக் காத்திருக்கலானார். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிரிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. தாயகம் திரும்புவோர் என்ற பெயரில் அவர்கள் வந்திறங்கியதும் நம் கரையில்தான். அவர்களில் பலர் முன்பின் கண்டிராத தாயகம் அது.

அதே ஆண்டு டிசம்பர் 22 இரவு பெரும்புயல் தனுஷ்கோடியை விழுங்கிற்று. பாம்பனிலிருந்து சென்ற 653 எண் பயணிகள் வண்டி, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடலில் மூழ்கியது. நிலையம், சுங்கச் சாவடி, அஞ்சலகம், துறை எல்லாம் போயின. பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் செப்பனிட்டார்கள். தனுஷ்கோடியை மீண்டும் எழுப்ப எவரும் முன்வரவில்லை. அதன் பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. 'இராமானுஜம்' என்னும் அக்கப்பலை இன்றும் நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் நம் ஊர்களில் உண்டு.

புயலால் முடியாததைப் போர் முடித்தது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கை நெருப்பாயிற்று. 1984இல் கப்பல் நின்றது. அன்று முதல் அக்கடலைக் கடந்தவர்கள் அகதிகள்தாம். இரவில், விளக்கின்றி, மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டுக் குழந்தை குட்டிகளோடு நின்றவர்கள் அவர்கள். தொழிலாளர்களை அடைத்து வைத்த அதே மண்டபம் முகாம் அகதி முகாமாயிற்று.

இன்னொரு துயரமும் உண்டு. நம் இதழ்களில் அது போதிய அளவு பேசப்படவில்லை என்பதே நம் எண்ணம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சில நாட்களுக்குள், சிலர் சில மணி நேரத்துக்குள், வீடு வாசலை விட்டு வெளியேறினர். மன்னார்த் தீவின் மக்கள் பலர் படகேறிக் கற்பிட்டியில் கரையிறங்கிப் புத்தளத்தில் அகதிகளாயினர். எருக்கலம்பிட்டியும் தலைமன்னாரும் நம் கரைக்கு நேர் எதிரே உள்ள ஊர்கள். அக்கரையில் கதவைத் தட்டினால் திறப்பதற்கு நம்மவர் இல்லாத நிலை ஏற்பட்டது. போர் முடிந்த 2009க்குப் பிறகு ஒரு பகுதியினர் திரும்பினர். பலருடைய பிள்ளைகள் புத்தளத்திலேயே வேர்விட்டுவிட்டனர்.

இனி, இன்றைய கணக்கைப் பார்ப்போம். 2012 செப்டம்பரில் மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் தொடங்கியது. மதுரையின் முதல் வெளிநாட்டு விமானப் போக்குவரத்து அதுவே. மதுரை நிலையத்துக்கும் கொழும்பின் கட்டுநாயக்க நிலையத்துக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 354 கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒரு மணி அளவு. திருச்சியிலிருந்து என்றால் 417 கிலோமீட்டர். அதற்கும் நேரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. இவ்வளவு குறுகிய பறப்பில் விமானம் மேலேறவும் இறங்கவுமே பாதிப் பொழுது சென்றுவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கை: கீழக்கரைவாசி கொழும்பு செல்ல முதலில் கொழும்புக்கு எதிர்த்திசையில் வடமேற்காக நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மதுரையை அடைகிறார். மூன்று மணி நேரம் முன்னதாகவே நிலையத்தில் ஆஜராகிறார். பிறகு விமானம் அவரைச் சுமந்துகொண்டு, நேர்கோட்டில் பறப்பதாயின், சாயல்குடியை ஒட்டிக் கரையைக் கடக்கிறது. அங்கிருந்து அவர் வீடு 35 கிலோமீட்டர் அளவில்தான். காலையில் புறப்பட்ட வீட்டை நண்பகலில் வானிலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம்!

ஆயினும் கொழும்பைப் பொறுத்தவரை விமானத்தைக் குறை கூற முடியாது. எல்லாத் தாமதங்களையும் சேர்த்தாலும் எட்டு மணி நேரத்தில் சென்றுவிடலாம்; போட் மெயில் காலத்தில் அதற்கு இருமடங்கு ஆயிற்று. இழந்தது கொழும்பையன்று, மன்னாரை. இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குச் செல்ல விரும்பும் ஒருவர் சாலை வழியே மதுரைக்கு 170 கிலோமீட்டர், வானில் 354, பிறகு கொழும்பிலிருந்து வடக்கு நோக்கிப் புகைவண்டியில் 300க்கும் மேல் என, மொத்தம் 800 கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும். 22 மைல் கடலுக்கு இது விலை. போரில் அழிந்த தலைமன்னார் இரும்புப் பாதையை இந்திய உதவியோடு மீண்டும் இட்டு 2015 மார்ச்சில் வண்டி விட்டார்கள். வண்டி அக்கரைத் துறை வரை வந்தது. 2025 ஏப்ரலில் இக்கரையில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு மேலான இடைவெளிக்குப் பின் இராமேசுவரத்துக்கு மீண்டும் வண்டி வந்தது. இரண்டு பாதைகளும் இருக்கின்றன. திறப்பு விழா நாளில் இடையில் கப்பல்தான் இல்லை.

வேறு துறைகளில் முயற்சிகள் நடந்துள்ளன. தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் 2011 ஜூனில் தொடங்கி அவ்வாண்டிலேயே நின்றது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னையிலிருந்தும், 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் விமானம் சென்றது. திருச்சிக்கும் பலாலிக்கும் நேர்கோட்டில் 184 கிலோமீட்டரே. அவ்வழியே சென்றால் மன்னாருக்கு நாம் மேலே சொன்ன சுற்று சற்றுக் குறையும். இராமேசுவரம்–தலைமன்னார்க் கப்பலை மீண்டும் விடுவது பற்றி இரு நாட்டு அரசுகளும் 2023 ஜூலையிலும் 2024 டிசம்பரிலும் அறிக்கைகளில் குறிப்பிட்டன. இராமேசுவரத்தில் விமான நிலையம் அமைப்பது குறித்துத் தமிழக அரசு 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. ஓடுதளம் என்று ஒன்று நம் மாவட்டத்தில் இல்லாமலுமில்லை. உச்சிப்புளியில் கடற்படையின் 'பருந்து' விமானத் தளம் 2009 முதல் இயங்குகிறது. அங்கிருந்து பலாலி ஏறத்தாழ 130 கிலோமீட்டர்தான். ஆனால் அது காவலுக்கான தளம்.

தொடக்கத்தில் கூறிய 'மின்ஹாஜ்' நூலில் இன்னொரு மஸ்அலாவும் உண்டு. ஓர் ஊருக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று குறுகியது, மற்றொன்று நீண்டது. தொழுகையைச் சுருக்குவதற்காகவே ஒருவர் நீண்ட வழியில் சென்றால் அவருக்கு அச்சலுகை இல்லை. எளிமை, பாதுகாப்பு போன்ற தக்க காரணம் பற்றிச் சென்றால் உண்டு. குறுகிய வழி அடைபட்டுக் கிடக்க, மதுரையும் கொழும்பும் சுற்றித் தலைமன்னார் செல்லும் இராமேசுவரத்து முஸ்லிமின் காரணத்தைத் தக்கதன்று என்று எந்த ஆலிமும் சொல்லப்போவதில்லை. அவர் கஸ்ருச் செய்து தொழலாம். போட் மெயிலில் ஏறி, மாலையில் அதே ஊரில் இறங்கிய அவருடைய பாட்டனார் நான்கு ரக்அத்தும் முழுமையாகவே தொழுதார்.